ஸ்கின்னர் தன் மகளைப் பெட்டிக்குள்ள அடைச்சு வளர்த்தாரா? அவரோட முறையில வந்த தெரபியை நம்பலாமா?

நீங்க கேட்டது இதுதான்: பி.எஃப். ஸ்கின்னர்ங்கிற அமெரிக்க சைக்காலஜிஸ்ட் பெத்த மகளையே கண்ணாடிப் பெட்டிக்குள்ள அடைச்சு எலி மாதிரி வளர்த்தாராம், அந்தப் பொண்ணு பெரியவளானதும் அப்பா மேல கேஸ் போட்டு கடைசியில தற்கொலை பண்ணிக்கிச்சாம், இப்படிப்பட்ட ஆளோட முறையில வந்த தெரபியைத்தான் ஆட்டிசம் இருக்கிற என் நாலு வயசுப் பையனுக்கு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு, அனுப்பலாமா வேண்டாமா. ஸ்கின்னரைப் பத்தின கேள்வி மாதிரி இருந்தாலும் நீங்க பயப்படுறது வேற விஷயத்துக்குன்னு எனக்குப் புரியுது. என் பிள்ளையையும் ஒரு பெட்டிக்குள்ள தள்ளிட்டு வந்துடுவேனோ, அதானே? நான் 18 வருஷமா பிஹேவியர் தெரபியில இருக்கேன், ஸ்கின்னர் எழுதினதைப் படிச்சுத்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன், அதனால ரெண்டையும் சேர்த்தே பேசுறேன், கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

முதல்ல அந்தப் பொண்ணு கதை, ஏன்னா இதுல சந்தேகமே இல்ல, அது பொய். ஸ்கின்னருக்கு ரெண்டு பொண்ணுங்க, மூத்தவங்க ஜூலி, 1938ல பிறந்தாங்க, இளையவங்க டெபோரா, 1944ல. அப்ப குடும்பம் அமெரிக்காவுல மினசோட்டாவுல இருந்துச்சு, பயங்கரமா குளிரடிக்கிற ஊர், கைக்குழந்தைன்னா ஸ்வெட்டர், போர்வை, அது மேல இன்னொரு போர்வைன்னு சுத்தி வச்சாத்தான் ஆகும், குழந்தையால கை காலை ஆட்டக்கூட முடியாது. ரெண்டாவது குழந்தை வருதுன்னு தெரிஞ்சதும் ஸ்கின்னர் தானே ஒரு தொட்டில் செஞ்சாரு. மூணு பக்கம் குளிர் உள்ள வராத சுவர், முன்னாடி திறந்து மூடுற கண்ணாடி, உள்ள இதமான சூட்டுல காத்து வர்ற ஏற்பாடு, கீழ இழுத்துக் கட்டின கேன்வாஸ், அது மேல 10 கஜ நீளத்துக்கு ஒரே விரிப்பு, ஒரு பக்கம் ஈரமாச்சுன்னா கைப்பிடியைச் சுத்தினா சுத்தமான பக்கம் வந்துடும். குழந்தை வெறும் நாப்கினோட கை கால் உதறி உருண்டு விளையாடலாம். பால் குடுக்க, கொஞ்ச, தூக்கி வச்சுக்க எல்லாத்துக்கும் வெளிய எடுப்பாங்க, மத்த குழந்தைங்க தொட்டில்ல இருக்கிற மாதிரிதான் இவங்க இதுல இருந்தாங்க. எலிப் பெட்டியில இருக்கிற மாதிரி அழுத்துற லீவர் எதுவும் அதுக்குள்ள இல்ல, எந்தப் பரிசோதனையும் நடக்கல.

அப்புறம் எப்படி இந்தக் கதை கிளம்பிச்சுன்னா, 1945 அக்டோபர்ல பெண்களுக்கான ஒரு பெரிய மாத இதழ்ல இதைப் பத்தி அவரே கட்டுரை எழுதினாரு, அவங்க அதுக்கு வச்ச தலைப்பு 'பெட்டிக்குள்ள குழந்தை'. ஏற்கனவே எலியை வச்சு ஆராய்ச்சி பண்ற பெட்டிக்கு 'ஸ்கின்னர் பாக்ஸ்'னு பேரு. அதுவும் பெட்டி இதுவும் பெட்டி, ஜனங்க ரெண்டையும் முடிச்சுப் போட்டுட்டாங்க, அதுக்கு மேல ஆளாளுக்குக் கண்ணு காது மூக்கு வச்சாங்க. டெபோரா லண்டன்ல ஓவியரா வாழ்ந்தாங்க. 2004ல வந்த ஒரு புத்தகம் இந்த வதந்தியைத் திரும்பக் கிளப்பினப்போ அவங்களே த கார்டியன் பத்திரிகையில எழுதினாங்க, தலைப்பே 'நான் ஆய்வக எலி இல்லை'தான். அப்ப அவங்களுக்கு 60 நெருங்கிட்டு இருந்துச்சு, இருபது சொச்சத்துலயே செத்துட்டாங்கன்னு காலேஜ் வகுப்புகள்ல மத்தவங்க சொல்லிட்டுத் திரிஞ்சது இவங்களைப் பத்தித்தான். அப்பா ரொம்பப் பாசமானவர், நான் சந்தோஷமான குழந்தையா இருந்தேன்னு சொன்னாங்க. மூத்தவங்க ஜூலி பின்னாடி கல்வித்துறைப் பேராசிரியரா ஆகி, தன் பொண்ணுங்களையும் அதே மாதிரி தொட்டில்லதான் வளர்த்தாங்க. உயிரோட இருந்த ஒருத்தரை வருஷக்கணக்கா செத்தவராப் பேசினது எவ்வளவு பெரிய கொடுமை, இந்தக் கதையை யாராவது சொன்னா எனக்கு இன்னைக்கும் மனசு தாங்காது.

சரி, ஆள் யாருன்னு சொல்றேன். 1904ல பென்சில்வேனியாவுல சஸ்குவஹானான்னு ஒரு சின்ன ரயில்வே ஊர்ல பிறந்தாரு, அப்பா வக்கீல். அப்பா ஒரு தடவைகூட அடிச்சதில்ல, அம்மா ஒரே ஒரு தடவை, கெட்ட வார்த்தை பேசினதுக்கு வாயை சோப்பு போட்டுக் கழுவினாங்கன்னு அவரே எழுதியிருக்காரு. ஹாமில்டன் காலேஜ்ல இலக்கியம் படிச்சு 1926ல முடிச்சாரு, எழுத்தாளர் ஆகணும்னுதான் ஆசை, கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் இவர் கதைகளைப் படிச்சு நல்லாருக்குன்னு லெட்டர்கூட போட்டாரு. ஆனா வீட்டுல உக்காந்து ஒரு வருஷம் முயற்சி பண்ணியும் எழுத எதுவும் வரல, அதைத் தன்னோட இருட்டு வருஷம்னு சொல்லுவாரு. அதுக்கப்புறம் விலங்கு, மனுஷங்க நடத்தையை ஆராய்ஞ்ச பாவ்லோவ், வாட்சன் எழுதினதெல்லாம் கைக்குக் கிடைச்சுது, மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு யூகிக்காம ஆள் என்ன செய்யறாங்கன்னு வெளிய பார்த்து அளக்கலாம்ங்கிற யோசனை அவரைப் பிடிச்சுக்கிச்சு, 1928ல ஹார்வர்டுக்குப் போயி 1931ல டாக்டரேட் வாங்கிட்டாரு.

அவருடைய பெரிய திறமை கைவேலைன்னுதான் நான் சொல்லுவேன். சின்ன வயசுல இருந்தே எதையாவது செஞ்சுக்கிட்டே இருக்கிற ஆளு. எலி ஒரு லீவரை அழுத்தினா ஒரு சின்ன தீனி உருண்டை விழும், எத்தனை தடவை எவ்வளவு வேகத்துல அழுத்துதுன்னு மெதுவா ஓடுற பேப்பர்ல பேனா தானே கோடு போடும், வேகமா அழுத்தினா கோடு செங்குத்தா ஏறும், நிறுத்திட்டா படுத்துக்கும். இந்தக் கருவியில ஒரு நாள் தீனி விழுற பாகம் சிக்கிக்கிச்சு, எலி அழுத்துது ஒண்ணும் வரல, அப்ப அழகா ஒரு வளைவு பேப்பர்ல விழுந்துச்சு, பலன் நின்னா ஒரு பழக்கம் எப்படித் தேஞ்சு போகுதுன்னு அவர் கண்ணால பார்த்த முதல் தடவை அது. இன்னொரு சம்பவம் எனக்கு இதைவிடப் பிடிக்கும். அந்தத் தீனி உருண்டைகளை அவரே மருந்துக்கடைக்காரங்க மாத்திரை உருட்டுற சாதனத்துல உருட்டணும், அலுப்பான வேலை. ஒரு சனிக்கிழமை கணக்குப் போட்டுப் பார்த்தா, மத்தியானம் பூரா உக்காந்து உருட்டலைன்னா திங்கட்கிழமை காலை பத்தரைக்கு எல்லாம் தீர்ந்துடும். அப்பதான் ஒவ்வொரு தடவைக்கும் ஏன் குடுக்கணும், நிமிஷத்துக்கு ஒண்ணு குடுத்தா என்னன்னு தோணிச்சு. குடுத்துப் பார்த்தாரு. எலி நிறுத்தல, தொடர்ந்து அழுத்திக்கிட்டே இருந்துச்சு. அதைவிட முக்கியம், அப்பப்ப மட்டும் தீனி கிடைச்ச எலிங்க, தீனியை முழுசா நிறுத்தினப்புறமும் ரொம்ப நேரம் விடாம அழுத்துச்சுங்க.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, இது உங்க வீட்டுல நடந்துக்கிட்டு இருக்கும். என்கிட்ட வந்த ஒரு அம்மா, பையனுக்கு அஞ்சு வயசு, தெருமுனைப் பெட்டிக்கடையைத் தாண்டும்போதெல்லாம் சிப்ஸ் பாக்கெட்டுக்குத் தரையில விழுந்து தலையை முட்டிக்குவான். நான் ரொம்பக் கண்டிப்பா இருக்கேன் சார், வாங்கியே தர்றதில்ல, ஆனாலும் குறையலைன்னாங்க. ஒரு நோட்டு குடுத்து ரெண்டு வாரம் எழுதச் சொன்னேன். எழுதிக்கிட்டு வந்ததைப் பார்த்தா பன்னெண்டு நாள்ல ஒன்பது நாள் வாங்கித் தரல, மூணு நாள் தந்திருக்காங்க, ஒரு நாள் மழை, ஒரு நாள் மாமியார் கூட இருந்தாங்க, ஒரு நாள் நெத்தியில ரத்தம் வந்துடுச்சு. நோட்டைப் பார்த்துட்டு அவங்களே, நான்தானா சார்னு கேட்டாங்க. நீங்க இல்லம்மா, யாரா இருந்தாலும் குடுத்திருப்பாங்கன்னுதான் சொன்னேன், அதுதான் உண்மையும்கூட. மூணு நாள் கிடைச்சது அவனை ஒன்பது நாள் அழ வச்சுது. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் அந்த வழியையே மாத்தினோம், பாக்கெட் படத்தைக் காட்டிக் கேட்கக் கத்துக்குடுத்தோம், காட்டினா வீட்டுல ஒரு கிண்ணத்துல கிடைக்கும், தரையில விழுந்தா கிடைக்காது. முதல் வாரம் முட்டிக்கிறது அதிகமாச்சு, அதுவும் எதிர்பார்த்ததுதான், அதனால நெத்தி படுற இடத்துல எல்லாம் தலையணை வச்சு ஆள் கூடவே இருந்தோம். ஆறு வாரத்துல நின்னுச்சு. ஸ்கின்னர் கண்டுபிடிச்சதுல எனக்குச் சந்தேகமே இல்லாத பகுதி இதுதான், ஒரு செயலுக்கு அப்புறம் என்ன கிடைக்குதோ, எப்ப கிடைக்குதோ, அது அந்தச் செயலை வளர்க்கும் இல்லைன்னா தேய்க்கும்.

தண்டனை விஷயத்துல அவரைத் தலைகீழாப் புரிஞ்சு வச்சிருக்காங்க. ஸ்கின்னர்னாலே ஷாக் குடுக்கிறவர்னு நினைக்கிறாங்க, ஆனா வாழ்நாள் பூரா தண்டனைக்கு எதிராப் பேசினவர் அவரு. 1938ல வந்த அவரோட முதல் புத்தகத்துல ஒரு சோதனை இருக்கு, லீவரை அழுத்தின எலியோட பாதத்தை அந்த லீவரே திருப்பி ஒரு தட்டு தட்டும், எலி உடனே அழுத்துறதை நிறுத்திடும், ஆனா தட்டுறதை நிறுத்தினதும் மறுபடி ஆரம்பிச்சு, கடைசியில கூட்டிப் பார்த்தா அடி வாங்காத எலி எத்தனை தடவை அழுத்திச்சோ அத்தனை தடவை இதுவும் அழுத்தியிருக்கும். அடி பழக்கத்தை அழிக்கல, ஒத்திப் போட்டுச்சு, அவ்வளவுதான்னு அவர் முடிவு பண்ணாரு. இதுல அவர் சொன்னது முழுசா நிக்கலைங்கிறதையும் சொல்லணும், பின்னாடி வேற ஆராய்ச்சியாளர்கள் கடுமையான தண்டனை குடுத்தா பழக்கம் நிஜமாவே நிக்குதுன்னு விலங்குகள்ல காட்டினாங்க. நிக்குதுங்கிறதால செய்யலாம்னு ஆயிடாது, அது வேற கேள்வி. தன்னையே கடுமையாக் காயப்படுத்திக்கிற குழந்தைங்க விஷயத்துல மட்டும் ஆபத்தில்லாத, நொடி நேர வலியை ஏத்துக்கலாம்னு கடைசிக் காலத்துல அவர் ஒத்துக்கிட்டாரு, ஆனா அதோட திருப்திப்பட்டு வேற வழி தேடாம இருக்கிறதுதான் தப்புன்னும் சேர்த்துச் சொன்னாரு. நான் அந்த முதல் பாதியை ஏத்துக்கல.

அப்ப அந்த ஷாக் கதை எங்க இருந்து வந்துச்சு? அது பொய்யில்ல, ஆனா ஆள் வேற. ஆட்டிசக் குழந்தைங்களுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தவங்கள்ல முக்கியமானவர் ஐவர் லோவாஸ், லாஸ் ஏஞ்சலஸ்ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல இருந்தவர். 1960கள்ல அவர் ஆய்வுகள்ல குழந்தைங்களைக் கத்தி மிரட்டினாங்க, அறைஞ்சாங்க, மின்சார ஷாக்கும் குடுத்தாங்க, இது அப்பவே படத்தோட பத்திரிகையில வந்த விஷயம். 1987ல அவர் வெளியிட்ட ஆய்வுதான் இன்னைக்கும் பல சென்டர்கள் விளம்பரத்துல மறைமுகமாப் பேசுறது, வாரம் 40 மணி நேரம் தெரபி குடுத்த 19 குழந்தைங்கள்ல 9 பேர் மத்த குழந்தைங்களோட சாதாரண ஸ்கூல்ல படிக்கிற நிலைக்கு வந்துட்டாங்கன்னு சொன்னது. ஆனா எந்தக் குழந்தை எந்தக் குழுவுக்குன்னு குலுக்கல் முறையில பிரிக்கல, 'நோ'ன்னு அதட்டுறதும் தொடையில தட்டுறதும் அதுல இருந்துச்சு. அதனால யாராவது உங்ககிட்ட 40 மணி நேரம் குடுத்தா பாதிப் பேர் சரியாயிடுவாங்கன்னு சொன்னா அந்தக் கணக்கை நம்பிப் பணம் கட்டாதீங்க. சின்ன வயசுல ஆரம்பிச்சா பேச்சு, அன்றாட வேலை இதுலல்லாம் பல குழந்தைங்களுக்கு முன்னேற்றம் வருது, அதை நான் தினம் பார்க்கிறேன், எவ்வளவு வரும்ங்கிறது குழந்தைக்குக் குழந்தை ரொம்பவே மாறுது, முன்கூட்டிச் சொல்ல யாராலயும் முடியாது.

ஸ்கின்னரோட மத்த வேலைகளை வேகமாச் சொல்லிடறேன். ரெண்டாம் உலகப் போர்ல புறாவை குண்டுக்குள்ள உக்கார வச்சு, இலக்கோட பிம்பத்தைக் கொத்தியே குண்டைத் திசை திருப்பப் பழக்கினாரு, வேலையும் செஞ்சுது, ஆனா ராணுவம் நம்பல, 1944ல நிறுத்திட்டாங்க. அந்தப் புறாக்கள்ல சிலதை வச்சிருந்து ஆறு வருஷம் வரைக்கும் கழிச்சுக் காட்டினப்பவும் சரியாக் கொத்திச்சுங்க. 1948ல ஹார்வர்டுக்கே திரும்பி வந்துட்டாரு. 1953ல டெபோராவோட வகுப்புக்குப் பெற்றோரா போயி பின்னாடி உக்காந்து கணக்குப் பாடம் பார்த்தாரு, ஒரு பிள்ளை முடிச்சுட்டு சும்மா உக்காந்திருக்கு, இன்னொண்ணு புரியாம முழிக்குது, போட்டது சரியா தப்பான்னு யாருக்கும் உடனே தெரியாது. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்துல போயி, பதில் போட்ட உடனே சரியான்னு பார்த்துக்கிற ஒரு கற்பிக்கும் மெஷினை செய்ய ஆரம்பிச்சுட்டாரு. இப்ப நம்ம பிள்ளைங்க போன்ல பார்க்கிற கற்றல் ஆப் எல்லாத்துலயும் அந்த யோசனை இருக்கு. நல்ல தெரபிஸ்ட் உங்க பையன் கூட உக்காரும்போதும் இதைத்தான் செய்வாங்க, ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்னதா உடைச்சு, அவன் வேகத்துக்கு.

அவர் எங்க சறுக்கினாருன்னும் தெரிஞ்சுக்கணும். 1957ல மொழியையும் இதே மாதிரி விளக்கிடலாம்னு ஒரு புத்தகம் எழுதினாரு, 1959ல நோம் சாம்ஸ்கி அதைக் கிழிச்சு ஒரு விமர்சனம் எழுதினாரு, குழந்தைங்க இதுவரைக்கும் கேட்டே இராத வாக்கியத்தைப் பேசுதே, யாரும் மிட்டாய் குடுத்துப் பழக்காததை எப்படிப் பேசுதுன்னு. அந்த விமர்சனம் நியாயமா இல்லைன்னு எங்க ஆளுங்கள்ல பல பேர் சொல்லுவாங்க, அந்தச் சண்டை இன்னும் முடியல, ஆனா மொழியைப் பொறுத்தவரைக்கும் ஸ்கின்னர் சொன்னதை மட்டும் வச்சுக் குழந்தைக்குப் பேச்சு வரவைக்க முடியாதுங்கிறது என் அனுபவம், ஸ்பீச் தெரபிஸ்ட் கண்டிப்பா வேணும். அதைவிட எனக்கு முக்கியமாப் படுறது அவரோட பழைய மாணவர்கள் பிரிலண்ட் தம்பதி 1961ல எழுதின கட்டுரை. அவங்க விலங்குகளை விளம்பரக் காட்சிகளுக்குப் பழக்கிப் பிழைச்சவங்க. ஒரு ரக்கூனுக்கு, பூனை சைஸ்ல கையால எதையும் துழாவுற காட்டு விலங்கு அது, நாணயத்தை எடுத்து உண்டியல்ல போடக் கத்துக்குடுத்தாங்க. ஒரு நாணயம்னா போட்டுடும். ரெண்டு குடுத்தா போடாது, ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சுக்கிட்டே இருக்கும், உண்டியல் வாய்க்குள்ள விட்டுட்டுத் திரும்ப வெளிய எடுக்கும். தீனி கிடைக்காதுன்னு தெரிஞ்சும் தேய்க்கும், ஏன்னா இரையைத் தேய்ச்சுக் கழுவுறது அதோட பிறவிக் குணம். பரிசு மட்டுமே எல்லாத்தையும் ஆளாதுன்னு அவரோட சொந்த வட்டத்துல இருந்தே வந்த ஆதாரம் அது.

இந்த ரக்கூனை நான் வேலைக்கு வந்த புதுசுல ஞாபகம் வச்சிருந்திருக்கணும். அப்ப நான் வேலை பார்த்த இடத்துல 'என்னைப் பாரு'ன்னு ஒரு பயிற்சி, குழந்தை என் கண்ணைப் பார்த்து மூணு எண்ணுற வரைக்கும் இருந்தா ஒரு ஜெம்ஸ் மிட்டாய். ஒரு பையனுக்கு நான் இதை நாலு மாசம் பண்ணேன், சார்ட்ல கோடு அழகா ஏறிச்சு, அவங்க அப்பா அம்மாவுக்கும் சந்தோஷம். அந்தப் பையன் 14 வயசுல என்னைப் பார்க்க வந்தப்போ நல்லாப் பேசினான், பேச்சோட பேச்சா தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னான், உங்க கண்ணைப் பார்த்தா எனக்கு நீங்க பேசுறது காதுல விழாது சார், அப்ப சொல்லத் தெரியல. நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். பழக்கி விட முடியுங்கிறதாலேயே ஒண்ணைப் பழக்கிட்டேன், அது அவனுக்கு எதுக்குன்னு யோசிக்கல. ஆட்டிசம் இருக்கிற பெரியவங்க நிறைய பேர் இந்தத் தெரபியைப் பத்திக் கோபமா எழுதுறாங்க, கை உதறினா தடுத்தாங்க, மத்தவங்க மாதிரி நடிக்க வச்சாங்கன்னு, அதுல பெரும்பகுதி நியாயம்னு நான் நினைக்கிறேன். அந்தப் பையன் வந்துட்டுப் போனப்புறம் கண்ணைப் பார்க்க வைக்கிற பயிற்சியை நான் யாருக்கும் குடுத்ததில்ல.

ஸ்கின்னர் கடைசி வரைக்கும் வேலையை விடல. ரத்தப் புற்றுநோய் வந்து, 1990 ஆகஸ்ட் 10ஆம் தேதி அமெரிக்க சைக்காலஜிஸ்ட் சங்கத்துல விருது வாங்கிக்கிட்டு கையில குறிப்பே இல்லாம கால் மணி நேரம் பேசினாரு, எட்டு நாள் கழிச்சு 18ஆம் தேதி 86 வயசுல இறந்துட்டாரு, அந்தப் பேச்சைக் கட்டுரையா திருத்துற வேலையை இறக்குறதுக்கு முந்தின நாள்தான் முடிச்சாரு. நல்ல மனுஷன், பாசமான அப்பா, தன் முறை எல்லாத்துக்கும் பொருந்தும்னு ரொம்பத்தான் நம்பிட்டாரு. நான் அவரை அப்படித்தான் பார்க்கிறேன்.

உங்க பையனுக்கு வருவோம். அவனை நான் பார்க்கல, அதனால அனுப்புங்க அனுப்பாதீங்கன்னு இங்கிருந்து சொல்ல முடியாது, சொன்னா அது தப்பு. ஆனா சென்டருக்குப் போனா எதைப் பார்க்கணும்னு சொல்ல முடியும். என்னென்ன கத்துக்குடுக்கப் போறீங்க, ஒவ்வொண்ணும் அவனுக்கு எதுக்குப் பயன்படும்னு கேளுங்க. தண்ணி கேட்க, வேண்டாம்னு சொல்ல, பாத்ரூம் போக, வலிக்குதுன்னு காட்ட, இப்படி வந்தா நல்லது, கை உதறக்கூடாது, கண்ணைப் பார்க்கணும்னு வந்தா ஏன்னு திருப்பிக் கேளுங்க. அவன் வேண்டாம்னு தள்ளினா என்ன செய்வீங்கன்னு கேளுங்க, விட்டுட்டு வேற வழி பார்ப்போம்னு வரணும், கையைப் பிடிச்சு முடிக்க வைப்போம்னு வரக்கூடாது. அடி, மிரட்டல், சாப்பாட்டைப் பிடுங்கி வைக்கிறது, இருட்டு ரூம், இதெல்லாம் எந்தப் பேர்ல வந்தாலும் அங்கிருந்து கிளம்பிடுங்க. எழுதி வைக்கிற கணக்கை வாரா வாரம் உங்களுக்குக் காட்டணும். முக்கியமா, முதல் ரெண்டு வாரம் நீங்களும் ரூமுக்குள்ள உக்காரணும்னு கேளுங்க, பெற்றோர் இருந்தா பிள்ளைக்குக் கவனம் சிதறும்னு சொல்லிக் கதவைச் சாத்தினா அந்த இடம் வேண்டாம். அவன் இப்ப என்ன வார்த்தை சொல்றான், எதைக் கண்டா சிரிக்கிறான், எப்ப அழறான்னு ஒரு வாரம் ஒரு நோட்டுல எழுதி இங்க போடுங்க, அதைப் பார்த்துட்டு அந்த சென்டர்ல எதுல இருந்து ஆரம்பிக்கச் சொல்லணும்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.